பட்டாணிக்கு ஒரு படுக்கை

வாசனையே இருக்கக் கூடாதாம். எப்படி இருக்கு கதை! முப்பத்தொரு வருசம் செங்கோட்டை மரமில்லில் நின்று, அறுத்த பலகையை மூக்குக்கிட்டே கொண்டுபோய், இது தேக்கு, இது வேங்கை, இது மழையில் நனைந்த தேக்கு, இது நனைந்ததைக் காயப்போட்டு நம்மை ஏய்க்கப் பார்க்கிற தேக்கு என்று சொல்லியே பேர் வாங்கின ஆவுடையப்பனைப் பார்த்து, தென்காசியில் நேற்று ஆஸ்பத்திரி திறந்த ஒரு மாட்டு டாக்டர் பிள்ளை சொல்லுது, "சார், எலிக்குப் போடுற படுக்கைல வாசனையே இருக்கக் கூடாது, தூசியும் இருக்கக் கூடாது." அவர் மகள் செண்பகாவைவிட நாலு வயசு கூட இருந்தால் அதிகம் அந்தப் பிள்ளைக்கு. மூக்கில் ஒரு பொட்டு மூக்குத்தி, காதில் குழாய். அந்தக் குழாயை எலி நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, என்ன படுக்கை போட்டிருக்கீங்க என்றாள். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார், தேவதாரு, அசல் தேவதாரு இழைப்புச் சுருள் என்று. ராஜா வீட்டிலும் கிடைக்காத படுக்கையாச்சே, டாக்டரம்மா ஒரு நிமிசம் அசந்துபோவாள் என்று பார்த்தால், அவள் குழாயைக் கழற்றிவிட்டு, "ஐயோ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். ஐயோவுக்கு என்னத்தைத் திருப்பிச் சொல்ல? பஸ்ஸில் வரும்போது அந்த ஐயோ கூடவே உட்கார்ந்து வந்தது. இப்போது வீட்டு முன்கூடமான பட்டாசாலையில் கூண்டை முன்னால் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறபோதும் போகமாட்டேன் என்கிறது, சவம்.

கூண்டு வெறுமையாக இருந்தது. தேவதாருச் சுருளையெல்லாம் வந்ததும் வராததுமாக வாரிக் கொல்லையில் கொட்டியாயிற்று. கூண்டையும் பச்சைத்தண்ணீரில் கழுவித் துடைத்தாயிற்று. வெறும் கம்பிமேல் பட்டாணி நின்றுகொண்டிருந்தது. வெள்ளை எலி, சிவப்புக் கண், உள்ளங்கை நீளம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வெளியே வந்தது. கர்ர், கர்ர். அஞ்சு நாளுக்குச் சொட்டுமருந்து எழுதிக்கொடுத்திருக்கிறாள். ஆனால் மருந்தைவிட முக்கியம் படுக்கை, இன்னைக்கே மாத்திருங்க, இன்னொரு ராத்திரி அந்தச் சுருள்ல கிடந்தா நான் பொறுப்பில்ல என்று சொல்லித்தான் அனுப்பினாள். கம்பிமேலும் விடக்கூடாதாம், காலில் புண் வருமாம். மணி மூணரை. அஞ்சு மணிக்குச் செண்பகா கோயம்புத்தூர் ஆஸ்டலிலிருந்து போன் அடிப்பாள். தினமும் அடிக்கிறாள். முதல் கேள்வி அப்பா எப்படி இருக்கிய என்றா வரும்? எப்பா, ரெண்டும் நல்லா இருக்கா என்றுதான் வரும். ரெண்டு எங்கே இருக்கு? இதன் ஜோடி எலி கடலை செத்து, முருங்கை மூட்டில் குழி தோண்டிப் புதைத்து, இன்றைக்கு எட்டு நாள். எட்டு நாளும் அவர் போனில் சொன்ன பதில், ரெண்டும் நல்லா இருக்கு தாயி. ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டால் அவருக்கே கோபம் வரும். எலிக்கு ஆயுசு அவ்வளவுதான் என்று நினைத்தார். பரிட்சை முடிந்து வரட்டும், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். இன்று காலைவரை அது சாவு. பதினோரு மணிக்கு அந்த டாக்டர் பிள்ளை ஐயோ என்றதோடு அது வேறே ஒன்றாகிவிட்டது.

எல்லாம் அந்தக் காலேஜைச் சொல்லணும். மருந்தியல் படிக்கப் போன பிள்ளைக்கு எலி என்னத்துக்கு? சோதனைக்கூடத்தில் மிஞ்சினதாம். மிஞ்சினதைக் கொன்றுவிடுவார்களாம், இவள் அழுது புலம்பி ரெண்டைக் கேட்டு வாங்கி, செருப்புப்பெட்டியில் ஓட்டை போட்டு, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். ஆஸ்டலில் வைக்கக் கூடாது, அதனால் அப்பா தலையில். ஊரெல்லாம் எலிக்கு மருந்து வைக்கிறான், நான் எலிக்கு மருந்து வாங்க வரிசையில் நிக்கேன். இன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனுசன் கேட்டான், "அண்ணாச்சி, பையில என்ன, முயலா?" எலி என்றதும் சிரித்தான் பாருங்கள், ஆடே பயந்து இழுத்தது. இவர் விடுவாரா? "உம்ம ஆட்டை நாளைக்கு அறுத்துத் திங்கப்போறீரு, அதுக்கு இன்னைக்கு வைத்தியம் பாக்கீரு. நான் திங்கமாட்டேன் வேய், அதான் வித்தியாசம்" என்று சொல்லிவிட்டார். சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது. திங்கமாட்டேன், ஆனால் கொல்லுவேன் என்று உள்ளே ஒன்று இப்போது சொல்கிறது. அதை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, வருகிற வழியில் நுழைந்த மீன்தொட்டிக் கடைக்காரனை நினைத்துக் கோபப்பட்டார். அவன் ஒரு பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினான். முயல் படம் போட்ட பாலித்தீன் பை. "எல்லாரும் இதான் வாங்குதாங்க சார், வெளிநாட்டுச் சரக்கு." பிளாஸ்டிக்கைத் தாண்டி மூக்கில் ஏறிற்று, பைன். பைன் மரம் இழைத்த தூள். தேவதாருவுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. இதுவும் ஆகாதுடா என்றால், கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியப்போகுது என்கிறான். இன்னொரு பையில் பூனைக்குப் போடுகிற மண், அதில் பூ வாசனை சேர்த்திருக்கிறானாம், அதையே பெருமையாகச் சொல்லி விற்கிறான். உலகத்தில் ஒரு பயலுக்காவது மூக்கு இருக்கா?

சரி, வீட்டிலேயே தேடுவோம், அப்படி என்ன பெரிய கம்பசூத்திரம் என்றுதான் ஆரம்பித்தார். பெண்டாட்டி கோமதி அடுக்களையில் காப்பிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தாள். முதலில் பின்வீட்டு வைக்கோல். ஒரு பிடி உருவிக்கொண்டு வந்து தரையில் தட்டினார். ஒரு சின்னப் புழுதிமேகமே எழும்பிற்று. அவருக்கே இருமல் வந்து கண்ணில் தண்ணீர் வந்தது. தூக்கிப் போடு. அடுத்தது தேங்காய்நார். அதைப் பிரிக்கப் பிரிக்கத் துகள் உதிர்ந்தது. தூக்கிப் போடு. துணி நல்லது என்று டாக்டர் பிள்ளை சொன்னாளே, நல்ல பழைய பருத்தி வேட்டி, துவைத்துத் துவைத்து மல்லிகைப்பூ மாதிரி ஆனது, பீரோவில் இருக்குமே என்று கதவைத் திறந்தால், குப்பென்று அடித்தது அந்துருண்டை. "ஏளா, இந்த எளவை யாரு உள்ள போடச் சொன்னது?" என்று கத்தினார். "பூச்சி அரிக்கும்லா, பொறவு உங்க வேட்டியப் பூச்சி தின்னா அதுக்கும் என்னையத்தான வைவிய" என்று அடுக்களையிலிருந்தே பதில் வந்தது. கொடியில் கிடந்ததை எடுத்து மோந்தார். துவைக்கிற பவுடரில் ரோசாப்பூ. அவர் மில்லுக்குக் கட்டுகிற வேட்டியா, வேண்டவே வேண்டாம், அதை உதறினால் அரைக்கிலோ தேக்குத்தூள் விழும். மளிகை மடித்து வந்த காகிதத்தைத் தேடி எடுத்தார். ஒன்றில் பெருங்காயம், இன்னொன்றில் கருவாடு. சாமி படத்துக்கு முன்னால் ஊதுபத்தி, வெள்ளி செவ்வாய் சாம்பிராணி, குளியலறையில் பினாயில். இந்த வீட்டில் நாறாத ஒரு பொருள், மணக்காத ஒரு பொருள், சும்மா இருக்கிற ஒரு பொருள் உண்டா? என்ன வீடு இது! எதை எடுத்தாலும் ஒரு வாசனை, எதை எடுத்தாலும் ஒரு பூச்சிக்குப் பயம். "சத்தம் போடாம காப்பியக் குடிங்க" என்று தம்ளரைக் கொண்டுவந்து வைத்த கோமதி, கூண்டுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டாள். "இது மூச்சு வாங்குறதும் நீங்க ராத்திரி மூச்சு வாங்குறதும் ஒண்ணுபோலத்தான் இருக்கு" என்றாள். "என் மூச்சை விடு" என்றார். "நான் விட்டுத்தான் இருக்கேன், நீங்கதான் விட முடியாமக் கெடக்கிய" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகிற போக்கில் சொருகிவிட்டுப் போவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

பூச்சி அண்டாது. அங்கேதான் புத்தி போய்ப் போய் முட்டியது, மாடு கட்டுத்தறியைச் சுற்றுகிற மாதிரி. பூச்சி அண்டாத மரம் என்றுதானே குற்றாலத்துப் பங்களாக்காரர் பூசையறைக் கதவுக்குத் தேவதாரு கேட்டு வாங்கினார். அந்தக் கதவை இழைத்த அன்றைக்கு மில் முழுக்க ஒரு மணம். ஆசாரி இழைப்புளியைத் தள்ளத் தள்ளச் சுருள் சுருளாக விழுந்தது, மெலிசாக, இளஞ்சிவப்பாக. காலில் மிதிபடவே மனசு கேட்கவில்லை அவருக்கு. சாக்கில் அள்ளினார். அப்படியேவா கொண்டுவந்தார்? முறத்தில் புடைத்தார், தூள் ஒன்றுகூட இல்லாமல். பேன் வராது, பூச்சி வராது, மூத்திர நாற்றம் தெரியாது, கதகதப்பாகவும் இருக்கும், எந்த எலி குடுத்து வைத்திருக்கும் என்று கோமதியிடம் பெருமை பேசினார். பூச்சியை விரட்டுற அந்த எண்ணெய்தான் சார் இதோட நெஞ்சையும் கெடுக்குது, இத்தனூண்டு நெஞ்சு, ராப்பகலா அதுக்குள்ளயே மூக்கை வச்சுக்கிட்டுக் கிடக்குதில்ல என்றாள் டாக்டர் பிள்ளை. பூச்சி எவ்வளவு பெரிசு, எலி எவ்வளவு பெரிசு என்று ஒருநாளாவது யோசித்தாயாடா மூதி? பூச்சி ஓடிப்போகும், அதுக்கு வழி இருக்கு. கூண்டுக்குள்ளே கிடக்கிறது எங்கே ஓடும்? பத்து நாளில் கடலை தும்ம ஆரம்பித்தது. எலி தும்முவதைப் பார்த்து அவர் சிரித்தார், ஆமாம் சிரித்தார், ஏளா இங்க வந்து பாரு, பெரிய மனுசன் கணக்காத் தும்முது என்று கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் மூக்கோரம் சிவப்பாக வந்தது. ஐப்பசி மழை, சளி பிடித்திருக்கும் என்று நினைத்து, குளிருமே என்று இன்னும் ரெண்டு கை சுருளை அள்ளிப் போட்டார். அதை நினைக்கும்போதுதான் கை கூசியது. மூச்சுக்குத் திணறின ஜீவன்மேலே இன்னும் ரெண்டு கை. தினமும் ரெண்டு கை. எட்டு நாளைக்கு முன்னால் வெள்ளிக்கிழமை விடிந்து பார்த்தபோது கடலை அதுக்குள்ளேயே மூக்கைப் புதைத்துக்கொண்டு கிடந்தது. நல்ல தூக்கம் என்று நினைத்துப் பத்து நிமிசம் எழுப்பாமல் விட்டார். பட்டாணி மட்டும் அதன் முதுகை நக்கிக்கொண்டே இருந்தது. அது அன்றைக்கே சொல்லியிருக்கு, கேட்க இவருக்குக் காது இல்லை. மூக்கு ஒன்றுதானே இருந்தது, பெரிய மூக்கு.

செண்பகா சொல்லாமலா போனாள்? சொன்னதிலும் அவருக்கு ஒரு கோபம், அவள்மேல். இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தால் என்ன? மரத்தூள் கூடாதுப்பா, அதுலயும் மணக்கிற மரம் கூடவே கூடாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் என்ன? இவர் வேலையே மரம் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் எழுதியிருந்தாள். அதையும் இப்போது பார்த்துத் தொலைக்க வேண்டியிருந்தது. கூண்டுக்குமேல் சுவரில் ஒட்டிவைத்துவிட்டுப் போன தாளில், தண்ணி தினமும் மாத்தணும், வெங்காயம் குடுக்கக் கூடாது, இது ரெண்டுக்கும் கீழே, மூணாவதாக, படுக்கைக்கு வேற எதுவும் வேண்டாம், என் பழைய நோட்டுகளைக் கிழிச்சுப் போடுங்க, வெறும் காகிதம் போதும் என்று இருந்தது. வேற எதுவும் வேண்டாம். இதுக்குமேல் ஒரு பிள்ளை எப்படி எழுதும்? நோட்டுக்கட்டும் கொடுத்துவிட்டுத்தான் போனாள், பதினொன்றாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும், சணல் போட்டுக் கட்டி. ஒரு வாரம் அந்தக் கட்டை முன்னால் வைத்துக்கொண்டு அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கை வரவில்லை. காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடு. பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்று உட்கார்ந்துபோய், அதோடு மரம் சுமக்கப் போனவர் அவர். அவர் தகப்பனார் கைநாட்டு. இந்த வம்சத்திலேயே முதல்முதலாக ஒருத்தி நிறுத்தி நிதானமாக, வரி கோணாமல், தலைப்புக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறாள். அந்த எழுத்துமேல் எலி ஒன்றுக்குப் போகணுமா? புழுக்கை போடணுமா? கட்டை அவிழ்க்காமலே பீரோமேல் தூக்கி வைத்தார். ஆயுதபூசைக்கு இறக்கி, சாமி முன்னால் வைத்து, மேல் நோட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, திரும்ப ஏற்றினார். எப்பா, நோட்டைக் கிழிச்சுப் போட்டியளா என்று கேட்டதற்குப் போட்டாச்சு தாயி என்று சொன்னார். படிப்புக்கு மரியாதை. அந்த மரியாதைக்கு முருங்கை மூட்டில் ஒரு குழி.

நாற்காலியைப் போட்டு ஏறினார். கோபம் கட்டின்மேல் வந்தது, இழுத்த இழுப்பில் அது தரையில் விழுந்தது. சத்தம் கேட்டுப் பட்டாணி கம்பியோரம் ஒண்டிற்று. கட்டின்மேல் கால் படக் கூடாது என்று அப்போதுகூட விலகித்தான் இறங்கினார், அந்தப் புத்தியை நினைத்தும் ஆத்திரம் வந்தது. சணலைப் பல்லால் கடித்து அறுத்தார். மேல் நோட்டில் சந்தனம் இன்னும் மணத்தது, அதை ஒதுக்கி வைத்தார். ரெண்டாவதை எடுத்து, விரித்து, மூக்குக்கிட்டே கொண்டுபோனார். ஒன்றுமில்லை. திரும்ப இழுத்துப் பார்த்தார். தேக்கு வேங்கை எல்லாவற்றையும் பிரித்துச் சொன்ன மூக்குக்கு அதில் ஒன்றுமே கிடைக்கவில்லை. மை காய்ந்து மூணு வருசமாகிவிட்டது. தட்டினார், தூசியும் இல்லை. இந்த வீட்டிலேயே சும்மா இருந்த ஒரே பொருள் அதுதான். ரெண்டு மாதமாகத் தலைக்குமேலேயே இருந்திருக்கிறது. அவருக்கு யாரையாவது ஓங்கி அறையவேண்டும் போல் இருந்தது. அறையத்தக்க ஆள் அந்தப் பட்டாசாலையில் ஒருத்தர்தான் இருந்தார். பக்கத்தைப் பிடித்தார். உயிரியல், நுரையீரல், படம் வரைந்து பாகம் குறித்திருந்தாள். அதைத் திருப்பினார். அடுத்ததையும் திருப்பினார். கிழிக்க வராமல் திருப்பிக்கொண்டே போனார். கர்ர், கர்ர் என்றது கூண்டு. கிழித்தார். பலகை பிளக்கிற சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது அந்தச் சத்தம்.

ரெண்டு நோட்டு முடிகிற நேரம் போன் அடித்தது. கோமதி கதவோரம் வந்து நின்றாள், எடுக்கவும் இல்லை, எடுங்கள் என்று சொல்லவும் இல்லை. அவரே எடுத்து, சத்தம் வெளியே கேட்கிற மாதிரி அமுக்கித் தரையில் வைத்தார்.

"எப்பா, ரெண்டும் நல்லா இருக்கா?"

பழகின பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கினார்.

"கடலை செத்துப்போச்சு தாயி."

அந்தப் பக்கம் ஆஸ்டலில் யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது.

"எப்ப?"

"நேத்து வெள்ளி இல்ல, அதுக்கு முந்தின வெள்ளி."

"நேத்து ரெண்டும் நல்லா இருக்குன்னு சொன்னியளே."

"பொய் சொன்னேன். நோட்டைக் கிழிச்சுப் போட்டேன்னு சொன்னதும் பொய்தான். மில்லுல இருந்து தேவதாருச் சுருள் கொண்டாந்து போட்டேன். அதுதான் நெஞ்சைக் கெடுத்துட்டுன்னு இன்னைக்கு டாக்டர் சொன்னா. பட்டாணிக்கும் இளைப்பு. நான்தாம்மா பண்ணினேன். வேற யாரும் இல்ல."

"ஐயோ" என்றாள் செண்பகா. காலையில் கேட்ட அதே ஐயோதான், ஆனால் இது அவர் வளர்த்த தொண்டையிலிருந்து வந்தது. அப்புறம் வெடித்தாள். "ஒரே ஒரு காரியந்தானப்பா சொல்லிட்டு வந்தேன்! வேற என்ன கேட்டேன் உங்ககிட்ட? அங்க கொன்னுருவாங்கன்னுதான அழுது வாங்கிட்டு வந்தேன். அதுக்கு அங்கயே விட்டுருக்கலாமே!"

"உன் எழுத்தும்மா. அதுமேல எப்படி..."

"என் எழுத்து என்ன பெரிய எழுத்து! பரிட்சை முடிஞ்சா அது வெறும் தாளு. கடலைக்கு உசுரு இருந்துச்சுல்லா!"

அவள் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட நினைப்பில்லாமல் அவர் அடுத்த தாளைப் பிடித்தார், கை பாட்டுக்குக் கிழித்தது. இன்னொன்று. இன்னொன்று. அழுகை நடுவில் நின்றது.

"என்ன சத்தம் அது?"

"உன் நோட்டு."

கோமதி வந்து எதிரே உட்கார்ந்து ஒரு நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எத்தன அகலத்துக்குக் கிழிக்கிய?" என்றாள் மகள். குரலில் கோபம் அப்படியே இருந்தது, ஒரு பொட்டுக் குறையவில்லை.

"ரெண்டு விரல்."

"ஒரு விரல் போதும். நடுவுல பின் இருக்கும், அதப் பிடுங்கிப்போடுங்க, குத்திரும்."

"சரி தாயி. போனை வைக்கட்டுமா?"

"வைக்காதிய. உங்ககூட பேசுறதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல. போனைப் பட்டாணிகிட்ட வச்சிட்டு நீங்க கிழிங்க. அது மூச்சு விடுறத நான் கேக்கணும்."

கிழித்த தாளையெல்லாம் அள்ளிக் கூண்டுக்குள் போட்டு, போனையும் உள்ளே நீட்டி வைத்தார். பட்டாணி வந்து அதை மோந்துவிட்டு, விழுந்து கிடந்த தாள்களில் ஒன்றை வாயால் கவ்வி மூலைக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. ஆவுடையப்பன் பின்களை ஒவ்வொன்றாக நகத்தால் பிடுங்கித் தம்ளரில் போட்டார். அடுத்த நோட்டின் முதல் பக்கத்தில் ஆ. செண்பகா என்று சிவப்பு மையில் எழுதி, கீழே ரெண்டு கோடு போட்டிருந்தாள். அவர் அதை ஒருதடவை வாசித்தார். பிறகு ஒரு விரல் அகலத்துக்கு அதையும் கிழித்தார்.